டாக்டர் வில்லியம் கோலி

நோயாளியின் வெள்ளணுக்களை வெளியே எடுத்துப் பெருக்கி, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்திப் புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சையைப் பற்றி இக்காலத்தில் அடிக்கடி கேள்விப்படுகிறோம். நோயை எதிர்க்கும் சக்தி தேகத்துக்குள்ளேயே உண்டு என்ற எண்ணத்தை, ஏளனத்துக்கு அஞ்சாமல் நாற்பது வருஷங்களுக்கு மேல் பற்றி நின்றவர் டாக்டர் கோலி. அவரது சரித்திரத்தை நேயர்கள் அறிவது அவசியமெனக் கருதுகிறோம்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்தில் 1862-ம் வருஷம் பிறந்த கோலி, 1888-ல் ஹார்வர்டு வைத்தியக் கல்லூரியில் தேறி, நியூயார்க்கில் ரணசிகிச்சை செய்து வந்தார். 1890-ல் 17 வயதுப் பெண்ணொருத்தி கையில் வீக்கத்துடன் அவரிடம் வந்தாள். அது எலும்புப் புற்று. கையைத் துண்டித்தும் பயனில்லை. சில மாதங்களில் மாண்டாள். அம்மரணம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஆஸ்பத்திரியின் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டினார். கழுத்துப் புற்றுக்குப் பலமுறை அறுத்தும் தீராத ஜெர்மானியர் ஒருவருக்கு, தோலைச் சிவக்கச் செய்யும் எரிஸிபெலாஸ் என்ற ஜுரம் கண்டதும், கட்டி கரைந்து அவர் வீடு திரும்பினதும் அதில் எழுதியிருந்தன. வேறொருவராயின் அதிசயமென்று ஏட்டை மூடியிருப்பார். கோலியோ, ஏழைகள் நெருங்கி வாழும் வீடுகளில் மாடிமாடியாக ஏறி இறங்கி அவரைத் தேடினார். ஏழு வருஷங்கள் கழிந்தும் அவர் சுகமாயிருந்தார்!

1891-ல் இத்தாலிய நோயாளி ஒருவருக்கு அந்த ஜுரக் கிருமியையே ஊசியால் ஏற்றினார். அவர் மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார், கட்டி கரைந்தது, மேலும் எட்டு வருஷங்கள் வாழ்ந்தார். வேறு சிலர் அந்த ஜுரத்தினாலேயே இறந்ததை மறைப்பதற்கில்லை. ஆகவே கோலி, கொல்லப்பட்ட கிருமிகளின் விஷத்தைப் பிரயோகிக்கத் தொடங்கினார். 1893-ல் வயிற்றில் பெருங்கட்டியுடன் கிடந்த இளைஞர் ஒருவர் அதனால் குணமடைந்து 26 வருஷங்கள் ஜீவித்தார்.

ஆயினும் சிலருக்குப் பலித்த மருந்து பலருக்குப் பலிக்கவில்லை. அதன் வீரியமும் ஒரே தரத்தில் இல்லை. காரணம் கூறக் கோலியாலும் இயலவில்லை. எக்ஸ்-ரேயும் ரேடியமும் வந்தபின், ஜேம்ஸ் யூயிங் போன்ற பெரியவர்களே எதிர்த்தனர். அவர்களை மூடரென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் காரணம் விளங்காத ஒரே தோஷத்துக்காக, கண்ணால் கண்டதைக் காணாததாக்குவது விஞ்ஞானமாகுமா?

1936-ல் கோலி காலமானார். அவர் குமாரி ஹெலன் கோலி நாட்ஸ் தந்தையின் குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திரட்டி, 1953-ல் நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமொன்றை ஸ்தாபித்தார். கிருமியைக் கொண்டு கோலி தட்டியெழுப்ப முயன்ற படை உடலின் அணுக்களே என்பது பின்னர் தெளிவாயிற்று. 1988-ல் ஸ்டீவன் ரோஸன்பர்க் கட்டிக்குள் புகுந்திருந்த வெள்ளணுக்களையே பெருக்கித் திரும்பச் செலுத்தி, தோல் புற்று கண்ட சிலருக்குக் கட்டி சுருங்கியதை வெளியிட்டார். 2017-ல் ரத்தப் புற்றால் வருந்தும் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும், திருத்தியமைத்த அவர்களது சொந்த அணுக்களைச் செலுத்த அமெரிக்க அரசாங்கம் அனுமதி வழங்கிற்று.