தாத்தாவின் காலில் ஒலித்த டாப்ளர்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, பெருமாள் கோயிலில் கும்பிட்டுவிட்டு, சிராங்கூன் சாலை வழியே தேக்கா சந்தைக்கு நடந்து போவது என் தாத்தாவின் வழக்கம். சென்ற ஆண்டு நானும் உடன் போனபோது ஒன்றைக் கவனித்தேன். சற்று தூரம் நடந்ததும் ஒரு நகைக்கடை முன் நின்று கண்ணாடிக்குள் பார்ப்பார். இரண்டு நிமிடம் கழித்து மீண்டும் நடப்பார். அடுத்து ஒரு பாத்திரக் கடை. அதன் பிறகு வீரமாகாளியம்மன் கோயில் வாசல். வேடிக்கை பார்க்கிறார் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம். உண்மையில் வலது கெண்டைக்கால் பிடித்து இழுத்ததால் அவர் நின்றார். வயதானால் கால் வலிக்கத்தானே செய்யும் என்று எண்ணி அவர் யாரிடமும் சொல்லவில்லை.

தாத்தாவுக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு நோய் உண்டு. பலதுறை மருந்தகத்தில் பாதப் பரிசோதனைக்கு அவரை அழைத்துச் சென்றபோது, தாதி அவருடைய கணுக்காலில் களிம்பு தடவி, தடித்த பேனா போன்ற ஒரு கருவியை அதன்மேல் வைத்தார். இடது காலில் சாட்டை வீசுவதுபோல் தெளிவான ஓர் ஒலி கேட்டது. வலது காலில் கேட்ட ஒலி மங்கலாக, தூரத்தில் காற்று வீசுவதுபோல் இருந்தது. வலது கால் ரத்தக் குழாய் சுருங்கியிருக்கலாம் என்று அந்த வேறுபாடு காட்டியது.

அந்தக் கருவியின் பெயர் டாப்ளர். தொடக்கக் கல்லூரி இயற்பியல் பாடத்தில் ஒரு சூத்திரத்தோடு சேர்த்து நான் மனப்பாடம் செய்த பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்று அதுவரை யோசித்ததே இல்லை. தேடிப் படித்தேன். படித்ததைத் தாத்தாவுக்குத் தமிழில் சொல்ல முயன்றதில் பிறந்தது இந்தக் கட்டுரை.

கல்தச்சர் வீட்டுப் பிள்ளை

கிறிஸ்டியன் டாப்ளர் 1803ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாகக் கல்தச்சு வேலை செய்துவந்த குடும்பம் அது. ஆனால் டாப்ளர் சிறு வயதிலிருந்தே உடல் நலிந்தவர். உளி பிடித்துக் கல் செதுக்கும் வேலை அவருக்கு ஒத்துவராது என்று தெரிந்ததால் படிக்க வைத்தார்கள். கணிதத்தில் அவருக்கு இருந்த திறமையைக் கண்ட சால்ஸ்பர்க் கணிதப் பேராசிரியர் ஒருவர், வியன்னாவின் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அனுப்பச் சொன்னார்.

படிப்பு முடிந்தது, ஆனால் வேலை கிடைக்கவில்லை. வியன்னாவில் நான்கு ஆண்டுகள் உதவியாளராக இருந்தார். அந்த ஒப்பந்தம் 1833இல் முடிந்தபோது அவருக்குக் கிட்டத்தட்ட 30 வயது. ஆசிரியர் பணிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக விண்ணப்பித்தார். வயிற்றுப்பாட்டுக்காக ஒரு பஞ்சாலையில் கணக்கெழுதும் வேலை பார்த்தார். கடைசியில் ஐரோப்பாவே வேண்டாம் என்று முடிவுசெய்து, அமெரிக்கா செல்வதற்காக உடைமைகளை விற்றார். பயண ஏற்பாட்டுக்கு ஜெர்மனியின் மியூனிக் நகரம்வரை போய்விட்டார். அந்த நேரத்தில்தான் பிராக் நகரின் உயர்நிலைப் பள்ளி ஒன்றிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. 1835இல் கப்பலேறாமல் திரும்பி, பிராக்கில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தார்.

பட்டம் வாங்கியும் வேலைக்கு அலையும் கவலை நம் தலைமுறைக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்த எனக்கு, இந்தப் பகுதி மிகவும் பிடித்தது.

பிராக் நகரில் ஓர் உரை

1841இல் பிராக் தொழில்நுட்பக் கல்லூரியில் டாப்ளர் முழுநேரப் பேராசிரியர் ஆனார். அடுத்த ஆண்டு மே 25ஆம் தேதி அங்குள்ள அறிவியல் கழகத்தின் கூட்டத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். அதைக் கேட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே.

அவர் சொன்ன கருத்தை இப்படிப் புரிந்துகொள்ளலாம். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் அசையாமல் நின்றால், அலைகள் ஒரே சீரான இடைவெளியில் நம்மீது மோதும். அலைகளை எதிர்த்துக் கடலுக்குள் நடந்தால் அதே அலைகள் அடிக்கடி மோதும். கரையை நோக்கி நடந்தால் மோதும் இடைவெளி நீளும். அலைகள் மாறவில்லை, நம் நகர்வுதான் எண்ணிக்கையை மாற்றுகிறது. ஒலியும் அலைதான். டான் டோக் செங் மருத்துவமனைக்கு விரையும் ஆம்புலன்ஸ் நம்மை நெருங்கும்போது அதன் சங்கொலி உச்சத்தில் கேட்கிறது. நம்மைக் கடந்து விலகியதும் சட்டென்று தாழ்கிறது. இதுவே டாப்ளர் விளைவு.

ஆனால் டாப்ளர் அன்று பேசியது ஆம்புலன்ஸைப் பற்றி அல்ல, நட்சத்திரங்களைப் பற்றி. ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை நட்சத்திரங்கள் வெவ்வேறு நிறங்களில் தெரிவது ஏன் என்பது அவருடைய கேள்வி. நம்மை நெருங்கும் நட்சத்திரத்தின் ஒளி நீலத்தை நோக்கியும், விலகும் நட்சத்திரத்தின் ஒளி சிவப்பை நோக்கியும் நகர்வதால்தான் அந்த நிறங்கள் உண்டாகின்றன என்றார்.

இங்கே அவர் தவறிவிட்டார். நட்சத்திரத்தின் நிறத்தைப் பெரும்பாலும் முடிவுசெய்வது அதன் வெப்பநிலை. ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால் நட்சத்திரங்கள் மிக மெதுவாகவே நகர்கின்றன. அந்த நகர்வால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நிறம் மாறாது. டாப்ளரின் விதி சரி, அதற்கு அவர் தேர்ந்தெடுத்த உதாரணம் தவறு.

ரயிலில் ஏறிய இசைக்கலைஞர்கள்

நெதர்லாந்தைச் சேர்ந்த இளம் அறிவியலாளர் பாய்ஸ் பாலட்டுக்கு டாப்ளரின் நட்சத்திரக் கதையில் நம்பிக்கை இல்லை. மறுத்துப் பேசுவதோடு அவர் நிற்கவில்லை, சோதித்துப் பார்க்கக் கிளம்பினார். அன்றைய உலகில் மனிதர்களிடம் இருந்த வேகமான வாகனம் ரயில். 1845இல் யூட்ரெக்ட் நகரையும் மார்சன் என்ற ஊரையும் இணைத்த ரயில் பாதையில் ஒரு ரயில் எஞ்சினைக் கேட்டு வாங்கினார். திறந்த பெட்டியில் ஊதுகருவி வாசிக்கும் கலைஞர்களை ஏற்றினார். சுருதி பேதத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கக்கூடிய இசைக்கலைஞர்களைத் தண்டவாளத்தின் ஓரத்தில் நிறுத்தினார். பிப்ரவரியில் செய்த முதல் முயற்சி மோசமான வானிலையால் கெட்டது. ஜூன் மாதம் மீண்டும் முயன்றார்.

ரயிலில் இருந்தவர்கள் ஒரே சுரத்தை விடாமல் ஊதினார்கள். ரயில் நெருங்கியபோது அந்தச் சுரம் உயர்ந்தும், விலகியபோது தாழ்ந்தும் கேட்டதாகக் கீழே நின்றவர்கள் குறித்தார்கள். டாப்ளரின் கணக்கு ஒலிக்குப் பொருந்தியது. பாய்ஸ் பாலட் அதை ஒப்புக்கொண்டார். நட்சத்திர நிறம் பற்றிய விளக்கத்தை மட்டும் தொடர்ந்து மறுத்தார். ஒருவர் சொன்னதில் ஒரு பகுதி தவறு என்பதற்காக முழுவதையும் தூக்கி எறியாத அந்த நேர்மை, டாப்ளருக்குக் கிடைத்த பெரிய உதவி.

ஓய்வில்லாத கடைசி ஆண்டுகள்

இதற்கிடையே பிராக்கில் டாப்ளரின் நாள்கள் கடினமாகவே கழிந்தன. நூற்றுக்கணக்கான மாணவர்களுக்குப் பாடம் நடத்தி, எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் வைக்க வேண்டிய சுமை அவர்மேல் இருந்தது. தேர்வு மிகக் கடுமை என்று மாணவர்கள் புகார் செய்தார்கள், நிர்வாகம் அவரைக் கண்டித்தது. அதோடு நுரையீரலும் பலவீனமடைந்து வந்தது. ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பனான அவரால் வேலையை விட முடியவில்லை.

1847இல் இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள ஷெம்னிட்ஸ் சுரங்கக் கல்லூரிக்கு மாறினார். 1848இல் ஐரோப்பாவெங்கும் வெடித்த புரட்சி அங்கும் நிலைகுலைவை ஏற்படுத்த, வியன்னாவுக்குத் திரும்பினார். 1850இல் வியன்னா பல்கலைக்கழக இயற்பியல் கழகத்தின் முதல் இயக்குநரானார். பட்டாணிச் செடிகளை வைத்து மரபியலுக்கு அடித்தளம் இட்ட மெண்டல், அங்கே அவரிடம் இயற்பியல் பயின்றார்.

பதவி கிடைத்தும் நிம்மதி கிடைக்கவில்லை. 1852இல் வியன்னாவின் புகழ்பெற்ற கணிதப் பேராசிரியர் பெட்ஸ்வால், அறிவியல் கழகத்தில் டாப்ளரின் கோட்பாட்டைக் கடுமையாகத் தாக்கினார். இயற்கையின் பெரிய உண்மைகள் இவ்வளவு எளிய கணக்கில் அடங்கா என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. ரயில் சோதனை நடந்து ஏழு ஆண்டுகள் ஆகியும், செல்வாக்கு மிக்க ஒருவரின் சொல் அங்கே எடுபட்டது. அந்த ஆண்டு நவம்பரில் காசநோய் முற்றிய நிலையில், கடற்காற்று உடலுக்கு நல்லது என்று டாப்ளர் வெனிஸ் சென்றார். 1853 மார்ச் 17ஆம் தேதி அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 49. தம் கணக்கை வானியலாளர்கள் ஒருநாள் பயன்படுத்துவார்கள் என்று நம்பியவர், அதைக் காணாமலேயே போய்விட்டார்.

வானத்திலிருந்து கணுக்காலுக்கு

1868இல் ஆங்கிலேய வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ், சிரியஸ் நட்சத்திரத்தின் நகர்வை அளக்க டாப்ளர் விதியைப் பயன்படுத்தினார். மருத்துவத்துக்கு அது வர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. 1950களில் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிகெயோ சத்தோமுரா, காதுக்குக் கேட்காத மீயொலியை இதயத்துக்குள் செலுத்தி அதன் அசைவுகளை ஆராய்ந்தார். 1960களில் அமெரிக்காவின் சியேட்டில் நகர ஆய்வாளர்கள் ரத்த ஓட்டத்தை அளக்கும் கருவிகளை உருவாக்கினார்கள். கணுக்காலில் ரத்த அழுத்தத்தை அளந்து தமனி அடைப்பைக் கண்டறியும் முறையை லண்டன் மருத்துவர்கள் 1969இல் விரிவாக வெளியிட்டார்கள்.

தாத்தாவின் காலில் வைத்தது போன்ற கருவி வினாடிக்கு ஏறத்தாழ 80 லட்சம் அதிர்வுகள் கொண்ட மீயொலியை அனுப்பும். ஓடும் சிவப்பணுக்களில் பட்டு அந்த ஒலி திரும்பும்போது அதன் அதிர்வெண் சற்று மாறியிருக்கும். ரத்தம் வினாடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடி, கருவி 60 பாகை சாய்வில் இருந்தால், அந்த மாற்றம் ஏறக்குறைய 2,600 அதிர்வுகள். அது நம் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இருப்பதால், அந்த வித்தியாசத்தையே கருவி ஒலியாக்கித் தருகிறது. நாங்கள் கேட்ட ‘சாட்டை வீச்சு’ அதுதான்.

பிறகு தாத்தாவைச் சிறிது நேரம் படுக்கவைத்து, இரு கைகளிலும் இரு கணுக்கால்களிலும் பட்டை கட்டி அழுத்தம் பார்த்தார்கள். பட்டையில் காற்றேற்ற ஒலி நின்றுவிடும். காற்றை மெல்ல விடும்போது எந்த அழுத்தத்தில் ஒலி திரும்புகிறது என்று குறிப்பார்கள். கணுக்கால் அளவைக் கையின் அளவால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். கையில் 130, கணுக்காலில் 91 என்றால் விடை 0.7. பொதுவாக 1.0 முதல் 1.4 வரை இயல்பு. 0.9 அல்லது அதற்குக் கீழ் என்றால் புறத் தமனி நோய், அதாவது காலுக்குச் செல்லும் ரத்தக் குழாய்களில் கொழுப்பு படிந்து பாதை குறுகியிருக்கிறது என்று பொருள். 1.4ஐத் தாண்டினாலும் மகிழ முடியாது. நீண்டநாள் நீரிழிவால் குழாய்கள் இறுகிப்போயிருந்தால் அப்படி வரும். அப்போது கால் விரலில் அழுத்தம் பார்ப்பார்கள்.

தாத்தாவின் வலது காலுக்கு வந்த எண் 0.7. நடந்தால் வலி, நின்றால் நிவாரணம் என்பது இந்த நோயின் அடையாளம். கடைக்கடையாக நிற்க வைப்பதால் ஜெர்மானியர்கள் இதைக் ‘கடைக் கண்ணாடி நோய்’ என்றே அழைக்கிறார்கள். சிராங்கூன் சாலையில் எங்கள் கண்ணெதிரே நடந்தது அதேதான்.

2010ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, சிங்கப்பூர்ப் பெரியவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 17.2 விழுக்காடு. நீரிழிவு நரம்புகளை மரத்துப்போகச் செய்வதால் பலருக்குக் கால் வலியே தெரியாது. ஆறாத புண் வந்த பிறகே தெரியவரும், தாமதமானால் விரலையோ காலையோ இழக்க நேரிடும். காலில் அடைப்பு இருப்பவருக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தும் அதிகம். நீரிழிவு, புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஏதேனும் உள்ள பெரியவர்கள் நம் வீட்டில் இருந்தால், அவர்கள் எங்கே நிற்கிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்று கவனிப்போம். பாதப் பரிசோதனை நாளைத் தவறவிடாமல் நாமே உடன் அழைத்துச் செல்வோம்.

தாத்தா இப்போது மருந்து சாப்பிடுகிறார். மருத்துவர் சொன்னபடி, வலி வரும்வரை நடந்து, சற்று நின்று, மறுபடி நடக்கும் பயிற்சியையும் செய்கிறார். டாப்ளரின் கதையைத் தமிழில் சொல்லி முடித்ததும், அமெரிக்காவுக்குப் போயிருந்தால் அவர் என்ன ஆகியிருப்பார் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு தேக்காவுக்கு நடக்கும்போது அதைப் பற்றிப் பேசலாம் என்று வைத்திருக்கிறோம். இம்முறை எங்கே நின்றாலும், எதற்காக என்று என்னிடம் சொல்ல அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.