குதிரைப் பண்ணைச் சிறுவன் வரைந்த வரைபடம்

ஊருக்கும் நாட்டுக்கும் வரைபடம் உண்டென்பதை நாம் அறிவோம். உயிரினங்களின் மரபணுக்களுக்கும் வரைபடம் வரையலாமென முதன்முதலில் காட்டியவர், பட்டப்படிப்பையே முடித்திராத ஓர் இளைஞர். அவரே அல்பிரட் ஹென்றி ஸ்டர்டிவண்ட்.

1891 ஆம் ஆண்டு நவம்பர் 21 ஆம் நாள் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் இவர் பிறந்தார். ஏழு வயதில் குடும்பத்துடன் அலபாமா சென்று, தந்தையாரின் பண்ணையில் வளர்ந்தார். அங்கிருந்த குதிரைகளின் வம்சாவளியை ஆர்வத்துடன் குறித்து வைத்தார்.

1908 இல் நியூயோர்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, தமையனார் எட்கரின் இல்லத்தில் தங்கினார். எட்கர் கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த மொழியறிஞர். எனினும் தம்பியின் குதிரைக் கணக்கை அவர் வீண்வேலையென ஒதுக்கவில்லை. பரம்பரை பற்றிய நூல்களைப் படிக்கத் தூண்டினார். மெண்டலின் விதிகள் குதிரைகளின் நிறத்திற்கும் பொருந்துவதைக் கண்ட தம்பி ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்த பேராசிரியர் தோமஸ் ஹன்ட் மோர்கன், அது 1910 இல் வெளிவர ஊக்கமளித்ததுடன், பழ ஈக்களை ஆராயும் தமது ஆய்வுகூடத்தில் அவருக்கு இடமும் அளித்தார்.

உயிர்க்கலங்களினுள் நிறமூர்த்தங்கள் எனும் இழைகள் உள்ளன. அவற்றிலேயே மரபணுக்கள் அமைந்துள்ளன. இனப்பெருக்கக் கலங்கள் உருவாகும்போது சோடி நிறமூர்த்தங்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அப்போது அருகருகே உள்ள மரபணுக்கள் பெரும்பாலும் பிரியா. தொலைவில் உள்ளவை அடிக்கடி பிரியும். அவ்வாறாயின், பிரியும் வீதத்தைக் கொண்டே தூரத்தை அளக்கலாம் அன்றோ? 1911 இல் ஸ்டர்டிவண்டின் உள்ளத்தில் இவ்வெண்ணம் உதித்தது. அன்றிரவு பாடவேலைகளை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டு, பழ ஈயின் மரபணுக்களை ஒரு கோட்டிலே வரிசைப்படுத்தினார். ஆறு மரபணுக்களைக் கொண்ட அவ்வாய்வு 1913 இல் வெளியாயிற்று.

1928 இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்திற்குச் சென்று நெடுங்காலம் பணியாற்றிய அவர், 1970 ஏப்ரல் 5 ஆம் நாள் மறைந்தார்.

அவர் காட்டிய வழி கால்நடைகளுக்கும் பயன்பட்டது. செம்மறியாட்டிற்கு 27 சோடி நிறமூர்த்தங்கள் உண்டு. அவுஸ்திரேலியாவின் பூரூலா மெரினோ ஆடுகள் ஒரே ஈற்றில் பல குட்டிகளை ஈனக் காரணமான மரபணு, ஆறாவது நிறமூர்த்தத்தில் உள்ளதென 1990 களில் இம்முறையாலேயே அறியப்பட்டது. 2001 இல் அம்மரபணு இன்னதென இனங்காணப்பட்டது. அவர் இளமையில் நேசித்த குதிரையின் மரபணுத் தொகுதியும் 2009 இல் வெளியிடப்பட்டது.

மாணவச் செல்வங்களே, பாடவேலையை ஒதுக்குங்கள் என நாம் கூறவில்லை! வீட்டருகே காண்பதையும் உற்றுநோக்கிக் குறித்து வையுங்கள் என்றே கூறுகின்றோம். பெற்றோர்களே, எட்கர் அன்று நகைத்திருந்தால் அக்குறிப்புகள் பண்ணையோடு மறைந்திருக்கக்கூடும். நம் பிள்ளைகள் எதையேனும் ஆர்வத்துடன் காட்டவரும்போது, சற்று நின்று பார்ப்போமாக.