பாதரக்ஷையில்லா ஜோ

அமெரிக்கருக்கு உயிரான பேஸ்பால் ஆட்டத்தில் பெரும் புகழ் பெற்று, பின்னர் அதினின்று ஆயுள் முழுதும் விலக்கப்பட்டவர் ஜோ ஜாக்ஸன். அவர் குற்றவாளியா, நிரபராதியா என்ற வாதம் நூறாண்டு கடந்தும் ஓயவில்லை. அதற்குக் காரணம் அவர் செய்ததைவிட, அவரை விசாரித்த முறையே என்பது நமது அபிப்பிராயம்.

தென் காரொலைனா மாகாணத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஜாக்ஸன், பள்ளி செல்ல வேண்டிய பிராயத்தில் பஞ்சாலைக்கு வேலைக்குப் போனார். எழுதப் படிக்க அறியார். புதுப் பாதரக்ஷை காலைக் கடித்ததால் ஒரு நாள் காலுறையோடு ஆடினார். பாதரக்ஷையில்லா ஜோ என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

1919-ம் வருஷ உலகப் போட்டியில் அவருடைய சிக்காகோ ஒயிட் ஸாக்ஸ் கோஷ்டி, ஸின்ஸினாட்டி கோஷ்டியிடம் தோற்றது. சூதாடிகளிடம் பணம் பெற்று ஆட்டக்காரர் எண்மர் வேண்டுமென்றே தோற்றனர் என்ற புகார் கிளம்பிற்று. சந்தேகம் எழுந்த பின்பும், 1920-ல் முதலாளியின் தரப்பார் ஜாக்ஸனுடன் மூன்று வருஷ ஒப்பந்தம் செய்துகொண்டனர். அவ்வருஷம் செப்டம்பரில் அவர் கிராண்டு ஜூரியின்முன், 5,000 டாலர் பெற்றதை ஒப்புக்கொண்டார். எனினும் வெற்றிக்காகவே ஆடியதாகவும் சொன்னார். அப்போட்டியில் இரு கோஷ்டியிலும் அதிகமாக, 12 முறை வெற்றிகரமாக அடித்தவர் அவரே. ஆயினும் பணம் பெற்றது தவறே. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் விசாரணை நடந்த விதத்தைப் பாருங்கள். சாட்சி சொல்லுமுன் அவருக்கு யோசனை சொன்னவர் கோஷ்டி முதலாளியின் வக்கீல். தம் வாக்குமூலம் தமக்கு எதிராகப் பயன்படாதிருக்கும் பாதுகாப்பைத் துறக்கும் பத்திரத்தில், படிக்கத் தெரியாத அம்மனிதர் கையொப்பமிட்டார். 1921-ல் வழக்கு நடந்தபோது வாக்குமூலப் பத்திரங்கள் காணாமற்போயிருந்தன. ஆகஸ்டு 2-ந் தேதி ஜூரர்கள் அனைவரையும் விடுவித்தனர். மறுநாளே, கோஷ்டி முதலாளிகளால் கமிஷனராக நியமிக்கப்பெற்ற நீதிபதி லாண்டிஸ், தாம் தனியே விசாரியாமல் எண்மரையும் விலக்கி வைத்தார். சம்பள பாக்கிக்காக ஜாக்ஸன் தொடுத்த வழக்கு 1924-ல் விசாரணைக்கு வந்தபோது, காணாமற்போன வாக்குமூலம் முதலாளி தரப்பிலிருந்து வெளிவந்தது! ஜூரர்கள் அவர் பக்கமே தீர்ப்பளித்தனர்; அவர் பொய்ச் சாட்சி சொன்னார் என்று நீதிபதி அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டார்.

லாண்டிஸின் கண்டிப்பே ஆட்டத்தைச் சூதாடிகளிடமிருந்து மீட்டது என்பர். அது பொய்யன்று. நியாயஸ்தலம் விடுவித்தவரையும் ஒரு ஸ்தாபனம் தன் ஒழுங்கை முன்னிட்டு நீக்கலாம். ஆனால் நீக்குமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும். அவருக்குச் சொந்த வக்கீல் வேண்டும். எண்மரின் செயலையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும். இம்மூன்றும் அங்கே நடக்கவில்லை.

ஜாக்ஸன் தெற்கே திரும்பி, சிறு வியாபாரங்கள் செய்து, 1951 டிஸம்பரில் காலமானார். 2025 மே மாதத்தில் அவர்மீதிருந்த தடை நீங்கிற்று. ஆராய்ந்து நீக்கவில்லை, மாண்டவருக்குத் தடை பொருந்தாது என்ற காரணத்தால் நீக்கினர்.

பொது ஸ்தாபனங்களை நடத்துவோர் இதை ஊன்றி நோக்க வேண்டும். தண்டனை நியாயமாகவே இருக்கலாம். விசாரணை நேர்மையற்றதாயின், குற்றம் புரிந்தவனையும் உலகம் தியாகியாக்கிவிடும். குற்றமற்றவன் அதில் அகப்பட்டாலோ, அவன் இழந்ததை எந்தப் பிற்காலத் தீர்மானமும் திருப்பித் தராது.