தலையணைக்குள் ஒரு புத்தகம்

பத்து வருஷம் உட்கார்ந்து எழுதிய ஒரு வேலை உங்க கையில் இருக்கு. பெரும்பகுதி இன்னும் அச்சேறவில்லை. ஜெராக்ஸ் கிடையாது, பென்டிரைவ் கிடையாது, ட்ரைவில் ஏற்றி வைக்கவும் வழி கிடையாது. எழுதியவரை ராஜாவின் ஆட்கள் கயிற்றால் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்து வீட்டைச் சோதனை போட வரப்போகிறார்கள். நீங்க என்ன பண்ணுவீங்க?

1824-ல் பர்மாவின் தலைநகரமான ஆவாவில் இந்த நிலைமையில் நின்றவர் ஆன் ஜட்சன். அவருடைய கணவர் அடோனிராம் ஜட்சன் பைபிளைப் பர்மிய மொழிக்குக் கொண்டுபோனவர். சண்டே ஸ்கூலுக்குப் போனவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். மற்றவர்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு கம்மி. நீங்க எந்த மதம், கடவுள் நம்பிக்கை இருக்கா இல்லையா என்பதெல்லாம் இங்கே பிரச்சனை இல்லை. ஒரு வேலையைக் கையில் எடுத்து, நடுவில் எல்லாமே உடைந்துபோன பிறகும் அதை எப்படி முடிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நினைத்தால் இதைப் படிக்கலாம்.

டாப்பராக இருந்த பையன்

ஜட்சன் 1788-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தார். அப்பா ஒரு சபையின் போதகர். பையன் படிப்பில் கெட்டி. பிரவுன் பல்கலைக்கழகத்தில் வகுப்பிலேயே முதல் ஆளாக 1807-ல் படித்து முடித்தார். ஆனால் காலேஜில் இருந்தபோதே அப்பாவின் நம்பிக்கை அவரை விட்டுப் போயிருந்தது. ஜேக்கப் ஈம்ஸ் என்ற நண்பர் அவருக்கு ரொம்ப நெருக்கம், கெட்டிக்காரர். பைபிள், பிரார்த்தனை எதையும் அவர் நம்பாதவர். ஜட்சனும் அப்படியே ஆனார். வீட்டில் அதைச் சொன்ன அன்று அம்மா அழுதார்.

அதற்குப் பிறகு நியூயார்க் போய் நாடகக் குழுவோடு கொஞ்ச நாள் சுற்றினார். ஊர் திரும்பும் வழியில் ஒரு விடுதியில் தங்கினார். பக்கத்து அறையில் யாரோ சாகக்கிடந்த முனகல் சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்டது. காலையில் விசாரித்தபோது அந்த ஆள் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். பெயர் கேட்டார். ஜேக்கப் ஈம்ஸ். இப்படித்தான் அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் இருக்கிறது. அந்த ஒரு ராத்திரியில் எல்லாம் மாறிவிடவில்லை. இறையியல் கல்லூரியில் சேர்ந்து, மாதக்கணக்கில் யோசித்துத்தான் பழைய நம்பிக்கைக்குத் திரும்பினார்.

ஆன் ஹாசல்டைனைப் பெண் கேட்டு அவருடைய அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் ஜட்சன் எதையும் மறைக்கவில்லை. உங்க மகளை மறுபடி பார்க்க முடியாமல் போகலாம், நோய் வரலாம், சாவும் வரலாம் என்பதை வெளிப்படையாகவே எழுதினார். அப்பா முடிவை மகளிடமே விட்டார். ஆன் சரி என்றார். 1812 பிப்ரவரி 5-ல் கல்யாணம், 19-ஆம் தேதி கப்பல். ஆனுக்கு அப்போது வயது 22.

மெட்ராஸ் வழியாக ரங்கூன்

கல்கத்தாவில் இறங்கியதும் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களைத் தங்கவிடவில்லை. மொரீஷியஸ் போனார்கள். அங்கிருந்து 1813 ஜூனில் நம்ம மெட்ராஸ் வந்தார்கள். இங்கேயும் கம்பெனி ஆட்சிதான், பிடித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். துறைமுகத்தில் கிளம்பத் தயாராக இருந்தது ஒரே ஒரு பழைய கப்பல். அது ரங்கூனுக்குப் போவது. வேறு வழியில்லாமல் அதில் ஏறினார்கள். நடுக்கடலில் ஆனுக்குப் பிரசவமானது. குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. 1813 ஜூலை 13-ல் ரங்கூன் போய்ச் சேர்ந்தபோது ஆன் நடக்கக்கூட முடியாத நிலையில் இருந்தார்.

மொழி படிப்பது எப்படி? வாத்தியாருக்கு ஆங்கிலம் தெரியாது, இவர்களுக்குப் பர்மியம் தெரியாது. ஒரு பொருளைக் கையால் காட்ட வேண்டியது, அவர் சொல்லும் பெயரைத் திருப்பிச் சொல்ல வேண்டியது, அவ்வளவுதான். புத்தகங்கள் பனையோலையில் இருந்தன. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. நம்ம ஊர் ஓலைச்சுவடியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும். மதம், தத்துவம் சம்பந்தப்பட்ட சொற்கள் பாலி மொழியிலிருந்து வந்தவை என்பதால் ஜட்சன் பாலியும் படிக்க வேண்டியிருந்தது. வீட்டு வேலை, சந்தை, அக்கம்பக்கம் என்று நாள் முழுக்க ஜனங்களோடு பழகிய ஆன், பேச்சில் கணவரை முந்திவிட்டார்.

மொழிபெயர்ப்பு என்றால் ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் வைப்பது என்று நாம நினைக்கிறோம். கடவுள் என்பதற்கு என்ன சொல் போடுவீங்க? புத்தரையும் பகோடாவையும் குறிக்கப் பர்மியர்கள் ஏற்கனவே வைத்திருந்த சொல் 'பயா'. ஜட்சன் அதோடு தலைவன் என்ற பொருள் தரும் 'தகின்' என்பதைச் சேர்த்தார். பர்மிய கிறிஸ்தவர்கள் இன்றைக்கும் கடவுளை அந்தக் கூட்டுச் சொல்லால்தான் கூப்பிடுகிறார்கள். ஆங்கில பைபிளைப் பார்த்து எழுதினால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யாமல் கிரேக்கத்திலிருந்தும் எபிரேயத்திலிருந்தும் நேராக மொழிபெயர்த்தார்.

1815-ல் ஒரு பையன் பிறந்தான். ரோஜர் என்று பெயர் வைத்தார்கள். எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். அதன் பிறகும் வேலை நடந்தது. 1817-ல் மத்தேயு நற்செய்தி அச்சானது. 1819-ல் தெருவோரம் ஒரு சயாத் கட்டினார்கள். நம்ம ஊர் வழிப்போக்கர் சாவடி மாதிரி, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், பேசலாம். அந்த வருஷம் ஜூனில் மவுங் நௌ என்பவர் ஞானஸ்நானம் பெற்றார். அவர்தான் முதல் ஆள். வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆறு வருஷம் ரிசல்ட் பூஜ்யம் என்றால் எந்த கைடும் ப்ராஜெக்ட்டை மாற்றச் சொல்லியிருப்பார்.

அடுத்த வருஷம் தங்கத் தகடு போர்த்திய பைபிளோடு அமரபுரா போய் ராஜாவைப் பார்த்து அனுமதி கேட்டார் ஜட்சன். ராஜா பாகிடா நீட்டிய தாளில் சில வரிகள் படித்துவிட்டு அதைக் கீழே நழுவவிட்டார். அதுதான் பதில். ஜட்சன் ரங்கூன் திரும்பி மறுபடி மேசையில் உட்கார்ந்தார். 1823-ல் புதிய ஏற்பாடு முடிந்தது.

சாவுச் சிறை

1824-ல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர் மூண்டது. அமெரிக்காவிலிருந்து ஜட்சனுக்கு வர வேண்டிய பணம் கல்கத்தா ஆங்கிலேயர்கள் மூலமாக வந்துகொண்டிருந்தது. உளவாளி என்று சந்தேகப்பட அது போதாதா? ஜூன் 8-ல் கைது. சிறையின் பெயர் லெட்மயூன். ராத்திரியானால் கைதிகளின் விலங்கு மாட்டிய கால்களுக்கு நடுவில் ஒரு மூங்கிலைச் செருகி மேலே தூக்கிவிடுவார்கள். தோளும் தலையும் மட்டும் தரையில் படும். ஜட்சன் மொத்தம் 17 மாதம் விலங்கோடு கிடந்தார்.

ஆன் கையெழுத்துப் பிரதியை முதலில் வீட்டுக்கடியில் மண்ணில் புதைத்தார். மழைக்காலம் வந்தால் ஈரத்தில் எல்லாம் மக்கிப்போகும். எனவே தோண்டி எடுத்து, பஞ்சு வைத்து ஒரு தலையணைக்குள் தைத்தார். பார்க்க அசிங்கமாகவும் கல்லு மாதிரி கெட்டியாகவும் இருக்கிற தலையணை. எந்தச் சிறைக்காவலனும் ஆசைப்படக் கூடாது என்பதுதான் அதன் டிசைன். அதைக் கணவரிடம் கொடுத்தனுப்பினார். தினமும் அதிகாரிகள் வீட்டு வாசலில் போய் நின்றார், கெஞ்சினார், கையூட்டு கொடுத்தார், சோறு கொண்டுபோனார். இதெல்லாம் வயிற்றில் குழந்தையோடு. 1825 ஜனவரியில் மரியா பிறந்தாள்.

அந்த மே மாதம் கைதிகளை வெறுங்காலோடு கொதிக்கிற மணலில் நடத்தி ஆங்பின்லே என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். அந்த அவசரத்தில் ஒரு காவலாளி தலையணையின் பாய் உறையை மட்டும் உருவிக்கொண்டு, உள்ளே இருந்த கெட்டி உருண்டையைச் சிறை முற்றத்தில் எறிந்துவிட்டான். பத்து வருஷ உழைப்பு அங்கே குப்பையோடு குப்பையாகக் கிடந்தது. ஜட்சன் குடும்பத்தோடு இருந்த மவுங் இங் என்ற பர்மியர் பிறகு அங்கே வந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஐயா நினைவாக இருக்கட்டும் என்றுதான் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். பல மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது தாள்கள் பத்திரமாக இருந்தன.

ஆன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆங்பின்லேக்கும் பின்னாலேயே போனார். அங்கே நோயில் படுத்தார். பால் வற்றிவிட்டது. குழந்தை பசியில் கத்துகிறது. காவலாளிக்குக் காசு கொடுத்து அனுமதி வாங்கி, ஜட்சன் கால் விலங்கோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். பால் கொடுக்கிற தாய்மாரிடம் கையேந்தினார். எதிரி என்று தங்கள் ராஜா அடைத்து வைத்த ஒருவனின் குழந்தைக்கு அந்தக் கிராமத்துப் பெண்கள் பால் கொடுத்தார்கள்.

காட்டில் ஒரு குழி

தோற்றுக்கொண்டிருந்த பர்மிய அரசுக்கு ஆங்கிலேயரோடு பேச மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். அதனால் ஜட்சன் வெளியே வந்தார். 1826 பிப்ரவரியில் யாண்டபோவில் சமாதானம் கையெழுத்தானது. சினிமாவாக இருந்தால் இங்கே சுபம் போட்டிருப்பார்கள்.

மறுபடி மொழிபெயர்ப்பாளராக ஜட்சன் ஆவாவுக்குப் போயிருந்தபோது ஆம்ஹெர்ஸ்ட்டில் இருந்த ஆனுக்குக் காய்ச்சல். 1826 அக்டோபர் 24-ல் இறந்தார். வயது 36. கருப்பு முத்திரை வைத்த கடிதம் ஜட்சனுக்கு வந்தபோது, குழந்தை போய்விட்டது என்று நினைத்துத்தான் பிரித்தார். ஆறு மாதம் கழித்து மரியாவும் போய்விட்டாள். வயது இரண்டேகால்.

இதற்குப் பிறகு நடந்ததை இவர் கதையைச் சொல்பவர்கள் பல பேர் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். ஜட்சன் உடைந்துபோனார். பல்கலைக்கழகம் கொடுத்த பட்டத்தைத் துறந்தார். காட்டோரம் குடிசை போட்டுத் தனியாக இருந்தார். ஒரு குழியை வெட்டி, அதன் ஓரத்தில் உட்கார்ந்து தன் உடம்பு அழுகுவதைக் கற்பனை செய்தார். கடவுளை நம்புகிறேன், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்ற பொருளில் ஊருக்கு எழுதினார். கடவுளுக்காக உலகத்தையே தாண்டி வந்த மனிதரின் நிலைமை இது.

அவர் மீண்டது ஒரே நாளில் நடந்ததில்லை. அந்த நாட்களிலும் மொழிபெயர்ப்பு மொத்தமாக நின்றுபோகவில்லை. நம்பிக்கை என்றால் சந்தேகமே வராத மனசு என்று நாம நினைக்கிறோம். ஜட்சனைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லாதபோதும் அடுத்த வசனத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த பழக்கம்தான் அவரைத் தூக்கி நிறுத்தியது என்று தோன்றுகிறது.

1834 ஜனவரி 31-ல் பழைய ஏற்பாடும் முடிந்தது. அந்த ஏப்ரலில், மிஷனரியாக இருந்து இறந்த ஜார்ஜ் போர்ட்மேனின் மனைவி சாராவை மணந்தார். சாராவும் நன்றாகப் பர்மியம் எழுதியவர், ஜான் பனியனின் மோட்சப் பயணத்தைப் பர்மியத்தில் மொழிபெயர்த்தவர். ஜட்சன் முழு பைபிளையும் மறுபடி முதல் பக்கத்திலிருந்து திருத்த ஆரம்பித்தார். திருத்திய பதிப்பு 1840-ல் அச்சேறியது. ரங்கூனில் இறங்கி 27 வருஷம்.

சாரா 1845-ல் அமெரிக்கா போகும் வழியில் செயின்ட் ஹெலினா தீவில் இறந்தார். மறு வருஷம் எழுத்தாளர் எமிலி சப்பக்கை மணந்து பர்மா திரும்பிய ஜட்சன், கடைசி வருஷங்களில் அகராதியோடு மல்லுக்கட்டினார். 1850 ஏப்ரல் 12-ல் வைத்தியத்துக்காகப் போன கப்பலிலேயே உயிர் பிரிந்தது. வங்காள விரிகுடாவில் உடலை இறக்கினார்கள். பத்து நாள் கழித்துக் கரையில் எமிலிக்குப் பிறந்த குழந்தை அன்றே இறந்தது. கணவர் இறந்த செய்தி எமிலிக்கு வந்து சேர நான்கு மாதம் ஆனது.

இவ்வளவு விலை கொடுத்திருக்க வேண்டுமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனுக்கும் மரியாவுக்கும் சேர்த்து நாம பதில் சொல்லவும் முடியாது. அந்த மொழிபெயர்ப்பு பர்மிய சபைகளில் இன்றும் வாசிக்கப்படுகிறது என்பது மட்டும் உண்மை. அட்டையில் ஜட்சன் என்ற ஒரு பெயர்தான் நிற்கும்.

நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் அக்னாலெட்ஜ்மென்ட் என்று ஒரு பக்கம் வரும். சீனியர் ஃபைலிலிருந்து காப்பி அடித்து, பெயரை மட்டும் மாற்றிப் போடுவோம். ஜட்சனின் புத்தகத்துக்கு அப்படி ஒரு பக்கம் இருந்தால் யார் யார் அதில் வர வேண்டும்? தலையணை தைத்த ஆன். விரலால் காட்டிய பொருளுக்கெல்லாம் சலிக்காமல் பெயர் சொன்ன வாத்தியார். குப்பையிலிருந்து உருண்டையைப் பொறுக்கிய மவுங் இங். பெயரை யாரும் எழுதி வைக்காத ஆங்பின்லே தாய்மார்கள்.

இந்த வருஷம் அந்தப் பக்கத்தை டைப் பண்ணும்போது கொஞ்சம் நிதானமா டைப் பண்ணுங்க.