கிணற்றுக்குள் காற்றனுப்பிய அஹ்மத் இப்னு மூஸா

பாழுங்கிணற்றில் இறங்கியவர் மீளாத துயரச் செய்திகளைத் தாங்கள் கேட்டிருப்பீர்கள். காற்றினும் கனத்த வாயு அடியில் தங்கி மூச்சையடைத்துவிடும். இதற்கு 9ஆம் நூற்றாண்டிலேயே வழி கண்டவர் பக்தாது நகரத்து அஹ்மத் இப்னு மூஸா.

தந்தை மூஸா இப்னு ஷாகிர் மறைந்தபின், அஹ்மதையும் சகோதரர்களான முஹம்மத், ஹஸன் ஆகியோரையும் கலீஃபா மஃமூன் ஆதரித்துப் பைத்துல் ஹிக்மாவில் பயிலச் செய்தார். பனூ மூஸா எனப் புகழ்பெற்றோர் இம்மூவரே. அஹ்மதின் உள்ளம் பொறிகளையே நாடிற்று.

சுமார் 850இல் உருவான 'கிதாபுல் ஹியல்' நூலில் ஏறத்தாழ 100 கருவிகள் உள்ளன. பெரும்பாலானவை விருந்தினரை வியக்கவைக்கும் ஜாடிகளும் நீரூற்றுகளுமே; அவற்றை நான் விளையாட்டென்றே கொள்வேன். ஆயினும் அதே ஏட்டில், கிணற்றில் இறங்குவோனுக்கு மேலிருந்து துருத்தியால் நல்ல காற்றைக் குழாய்வழி ஊதியனுப்பும் அமைப்பும் காணப்படுகிறது. எந்தக் கிணற்றிலும் அஞ்சாது இறங்கலாம் என்பதே அதற்கு அவர் கூறிய பயன்.