பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்

சென்ற கார்த்திகையில் என் தந்தையார் இந்நகரத்து மருத்துவமனையொன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாட்கள் கிடந்தார். பகலில் அவருடைய கட்டிலுக்கென்றே ஒரு தாதி இருந்தார். ஓரிரவு ஆள் குறைந்து, மூன்று கட்டில்களுக்கு ஒருவரே என்றாயிற்று. இயந்திரங்கள் அப்படியே இருந்தன. பார்க்கும் கண்கள்தாம் குறைந்தன. கதவுக்கு வெளியே அமர்ந்திருந்த எனக்கு உறக்கம் வரவில்லை. அந்நாட்களில்தான் பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இத்தாலியில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். நோயாளருக்குப் பணி செய்ய விரும்பியபோது வீட்டார் தடுத்தனர். நற்குடிப் பெண்களுக்கு அது ஏற்ற தொழிலன்று என்பது அக்கால எண்ணம். அவரோ மனந்தளராமல், 1851இல் ஜெர்மனி சென்று பயிற்சி பெற்றார்.

1854இல், கிரிமியப் போரின்போது, 38 தாதியருடன் துருக்கியிலிருந்த ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். இரவில் படுக்கைதோறும் சென்று பார்த்த அவரைக் கைவிளக்கேந்திய காரிகை என்று உலகம் போற்றிற்று. ஆயினும் விளக்கு மட்டும் உயிர்களைக் காத்துவிடவில்லை. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 நோயாளர் மாண்டனர். மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து சாக்கடைகளைத் தூய்மை செய்த பின்னரே சாவு வேகமாகக் குறைந்தது. ஊர் திரும்பிய அம்மையார் கணக்குகளை ஆராய்ந்து, இவ்வுண்மையை மறைக்காமல் எடுத்துரைத்தார். அவரது பெருமை இங்கேதான் எனக்குப் புலப்பட்டது.

1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பயிற்சிப் பள்ளி கண்டார். தாதி தம் இடத்திலிருந்தே எல்லா நோயாளரையும் காணும்படி கூடங்கள் அமைய வேண்டுமென்றார். அறுவைக் கூடத்தை அடுத்த சிற்றறையில், உடல் தேறும் வரை நோயாளரை வைத்துப் பார்க்கும் வழக்கத்தையும் 1863இல் தம் நூலில் குறித்தார். இந்தியாவில் கால் வைக்காமலே, இங்கிருந்த படைவீரரின் சுகாதாரத்துக்காகவும் பல்லாண்டு உழைத்தார். 1910 ஆகஸ்டு 13ஆம் நாள், 90ஆம் வயதில் மறைந்தார்.

1952இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து, மூச்சுப் பையைக் கையால் அழுத்தி நோயாளரைக் காத்தனர். அதன் பயனாக அடுத்த ஆண்டு அந்நகரில் தீவிர சிகிச்சைப் பிரிவு தோன்றியது. அதற்கும் அடிப்படை, அருகிலிருந்து அகலாத ஆளே.

என் தந்தையார் நலமாக வீடு திரும்பினார். நண்பர்களே, மருத்துவமனையில் எத்தனை இயந்திரங்கள் என்று வினவுகிறோம். இரவில் ஒரு தாதிக்கு எத்தனை கட்டில்கள் என்றும் இனி வினவுவோமாக!