கிரேஸ் ஒலிவ் வைலி

கிரேஸ் ஒலிவ் வைலி (1883 – ஜூலை 20, 1948) நச்சுப் பாம்புகளை வளர்த்துப் புகழ்பெற்ற அமெரிக்க ஊர்வனவியலாளர் ஆவார். கேன்சஸ் மாநிலத்தில் பிறந்த இவர் முதலில் பூச்சியியல் பயின்றார். மினியாபொலிஸ் பொது நூலக அருங்காட்சியகத்தில் பணியாற்றியபோது கிலுகிலுப்பைப் பாம்புகளைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்வித்தார். அக்காலத்தில் இது அரிய சாதனை.

பொறுமையாகப் பழக்கினால் பாம்பு கடிக்காது என நம்பிய இவர், அவற்றை வெறுங்கையாலேயே கையாண்டார். சிகாகோ அருகேயுள்ள புரூக்ஃபீல்ட் விலங்குக் காட்சிசாலையில் இவரது பொறுப்பிலிருந்த பாம்புகள் தப்பியதால் 1935 இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். பின்னர் கலிஃபோர்னியாவின் சைப்ரஸ் நகரில், தம் வீட்டிலேயே பாம்புகளை வளர்த்துப் பொதுமக்களுக்குக் காட்டிவந்தார்.

1948 இல், ஒளிப்படத்துக்காக, புதிதாக வந்திருந்த இந்திய நாகம் ஒன்றைக் கையாண்டபோது அது விரலில் கடித்தது. கைவசமிருந்த ஒரே நச்சுமுறி மருந்துக் குப்பி அவசரத்தில் உடைந்தது. மருத்துவமனையிலோ வட அமெரிக்கப் பாம்புகளுக்கான மருந்தே இருந்தது. நாகத்தின் நஞ்சை அது முறிக்காது. கடிபட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வைலி இறந்தார்.